கண்டி உடவத்தக்கெலே: வாவிக்கு மேலே உள்ள காட்டில் எப்படி நடப்பது?

கண்டியில் உங்களுக்கு ஒரு முழுப் பகல் கிடைக்கிறது, அதில் காலைப்பொழுதை, புத்தரின் புனிதப் பல் உள்ள தலதா மாளிகைக்குப் பின்னால் தெரியும் காட்டுக் குன்றில் கழிக்கலாமா என்று திருச்சியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். அம்மாவுக்கு 66 வயது, மகளுக்கு 9 வயது, இருவரும் நடந்துவிடுவார்களா, மேலிருந்து ஏரி நன்றாகத் தெரியுமா, அட்டை கடிக்குமா என்பவை மற்ற கேள்விகள். காலையைத் தாராளமாக அங்கே கழிக்கலாம். இருவரும் நடந்துவிடுவார்கள். ஏரி அவ்வளவாகத் தெரியாது. மழை பெய்திருந்தால் அட்டை கட்டாயம் கடிக்கும். நான் கண்டிக்காரன், இந்தக் காட்டின் மேல் எனக்குப் பிரியம் அதிகம். அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

காட்டின் பெயர் உடவத்தக்கெலே. பரப்பு 104 ஹெக்டேர். உச்சி கடல்மட்டத்திலிருந்து 635 மீட்டர், தலதா மாளிகையிலிருந்து பார்த்தால் சுமார் 115 மீட்டர் உயரம். உங்கள் ஊர் மலைக்கோட்டை 83 மீட்டர். அதைவிடச் சற்றுக் கூடுதல், ஆனால் இங்கே அப்படிச் செங்குத்தாகப் படி ஏற வேண்டியதில்லை. குன்றைச் சுற்றிச் சுற்றிப் போகும் அகலமான மண்பாதைதான். உச்சியைத் தொட்டே ஆகவேண்டும் என்றும் இல்லை. இங்கு வருகிறவர்கள் பெரும்பாலும் குன்றைச் சுற்றி வருகிறார்களே தவிர, உச்சியைத் தேடிப் போவதில்லை.

ஏரி விஷயத்தை முதலிலேயே தீர்த்துவிடுகிறேன். வெளியூரிலிருந்து வருகிற பலர் மேலே போய் ஏரியைப் படம் எடுக்கலாம் என்று நினைத்து ஏறி, ஏமாற்றத்துடன் இறங்குகிறார்கள். இது அடர்ந்த காடு. தெற்குச் சரிவில் மரங்கள் விலகிய ஓரிரு இடங்களில் நீரின் ஒரு துண்டும் கட்டடக் கூரைகளும் தெரியும், அவ்வளவுதான். கிழக்குப் பக்கம் நடந்தால் மகாவலி கங்கை தெரிகிற இடம் ஒன்று உண்டு. அது பலருக்கும் தெரியாது, எனக்கு ஏரிக்காட்சியைவிட அதுவே பிடிக்கும். கண்டி வாவியை முழுசாகப் பார்க்க வேண்டுமானால் எதிர்க்கரை மேட்டில், ராஜபிஹில்ல மாவத்தையை ஒட்டி 'ஆர்தர்ஸ் சீட்' என்று ஒரு காட்சி முனை இருக்கிறது, அங்கே போங்கள். வாவி, நடுவில் உள்ள சின்னத் தீவு, அதன் அக்கரையில் தலதா மாளிகை, அதற்கும் பின்னால் கரும்பச்சையாய் எழும்பி நிற்கும் உடவத்தக்கெலே எல்லாம் ஒரே பார்வையில் கிடைக்கும். கண்டியின் புகழ்பெற்ற படங்கள் பலவும் அங்கிருந்து எடுத்தவைதான்.

போகும் வழி. மாளிகை வளாகத்துக்கும் காட்டுக்கும் நடுவே ஜனாதிபதி மாளிகையின் காணி இருக்கிறது, ஆகவே மாளிகையிலிருந்து நேராக மேலே ஏற முடியாது. நகரத்துக்குள் வந்து டி.எஸ். சேனாநாயக்க வீதியில் வடக்கே நடந்து, தபாலகத்தடியில் வலப்புறம் திரும்பி மேட்டில் ஏறவேண்டும். இந்த முழு நடையிலும் மூச்சு வாங்க வைக்கிற பகுதி இந்தத் தார்ரோட்டு ஏற்றம்தான். அம்மாவை அதில் நடத்த வேண்டாம். ஓர் ஆட்டோ பிடித்து வாசலிலேயே இறங்கிவிடுங்கள். உள்ளே போனபின் பாதை பெரும்பாலும் மெதுவாகவே ஏறி இறங்கும். வாசலில் டிக்கட் எடுக்க வேண்டும். உள்ளூராருக்கு ஒரு கட்டணம், வெளிநாட்டாருக்கு வேறு கட்டணம். கையில் இலங்கை ரூபாய் வைத்திருங்கள். வழிகாட்டி கட்டாயமில்லை, பாதை தெளிவானது. ஆனால் பறவை பார்க்க ஆசை இருந்தால், பறவை தெரிந்த ஒருவரோடு போவதற்கும் தனியே போவதற்கும் வித்தியாசம் நிறைய.

காலை வேளையே சரி. வெயில் ஏறியபின் பறவைகள் அடங்கிவிடும், குரங்குகள் மட்டும் மிஞ்சும். அம்மாவோடும் குழந்தையோடும் மெதுவாக நின்று பார்த்து நடந்தால் இரண்டு மணி நேரம் போதும். பறவைப் பைத்தியம் உள்ளவர்களுக்கு நான்கு மணி நேரமும் போதாது. பின்னேரம் காட்டுக்குள் ஆள் நடமாட்டம் குறைந்துவிடும், தனியாகப் போகிற பெண்கள் அந்த நேரத்தைத் தவிர்ப்பது நல்லது. மாதத்தைப் பொறுத்தவரை, கண்டியில் ஜனவரியிலிருந்து மார்ச் வரை மழை குறைவு. அக்டோபர், நவம்பர் மாதங்களில்தான் கொட்டும். மே தொடங்கித் தென்மேல் பருவக்காற்றும் விட்டுவிட்டு நனைக்கும். ஜூலை, ஆகஸ்டில் தலதா மாளிகையின் ஊர்வலத் திருவிழாவான எசல பெரஹெரா நடக்கும் பத்து நாட்களும் ஊரே நெரிசலில் திணறும். காட்டுக்காக மட்டும் வருகிறவர்கள் அந்த நாட்களை விட்டுவிட்டு வரலாம்.

இனி அட்டை. இதற்குப் பயந்தே பாதிப்பேர் வாசலோடு திரும்பிவிடுகிறார்கள், அது தேவையில்லாத பயம். இங்குள்ளது நில அட்டை. குளத்து அட்டை மாதிரி பருமனாக இருக்காது, பசியோடு இருக்கும்போது நூல்போல மெல்லிசாகத்தான் இருக்கும். காய்ந்த சருகின் நுனியில் நின்றுகொண்டு, கால் அதிரும் அதிர்வையும் நம் மூச்சையும் உடம்புச் சூட்டையும் பிடித்து நம்மை நோக்கி நீட்டி நீட்டி வரும். நின்ற இடத்திலேயே நின்றால் ஏறும், நடந்துகொண்டே இருந்தால் குறைவு. ஆகவே படம் எடுக்க, பறவை பார்க்க நிற்கும்போது சருகு மேல் நிற்காமல் பாதையின் நடுவில், வெறும் மண் தெரிகிற இடத்தில் நில்லுங்கள். இதையொன்று பழகிக்கொண்டாலே பாதித் தொல்லை போய்விடும்.

செருப்போடு போகாதீர்கள், சப்பாத்து (ஷூ) போடுங்கள். நீளமான காலுறைக்குள் காற்சட்டையின் முனையைச் செருகிவிட்டு, காலுறையின் மேல் சவர்க்காரத்தை (சோப்பை) உலர்வாகத் தேய்த்துவிடுங்கள். எங்கள் வீடுகளில் தேசிக்காய் (எலுமிச்சை) தேய்ப்பதும் உண்டு. ஐந்து பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒருவர் காலை மற்றவர் பார்க்க வேண்டும். உங்கள் மகளிடம் அந்த வேலையைக் கொடுத்துவிடுங்கள், அவளுக்கு அது விளையாட்டு. கடித்துவிட்டால் பிடித்து இழுக்காதீர்கள். விரல் நகத்தை அட்டையின் வாய்ப்பக்கம் தோலோடு ஒட்டிச் செலுத்தித் தள்ளினால் விட்டுவிடும். கடித்துக்கொண்டிருக்கிற அட்டை மேல் உப்பைக் கொட்டுவதும் நெருப்பால் சுடுவதும் பழைய பழக்கம், அதைச் செய்ய வேண்டாம். அது வயிற்றில் உள்ளதைக் காயத்துக்குள்ளேயே கக்கிவிடலாம். கடி வலிக்காது. ஆனால் இரத்தம் உறையாமலிருக்க அது ஒரு பொருளைக் காயத்தில் விடுவதால், அட்டை போனபின்னும் நெடுநேரம் கசியும். கழுவி, ஒரு பஞ்சை வைத்து அழுத்தி, பிளாஸ்டர் ஒட்டினால் சரி. அம்மா இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் மட்டும் ஈரமான நாட்களைத் தவிர்த்துவிடுங்கள்.

அட்டையைவிடக் கவனமாக இருக்க வேண்டியது குரங்கிடம். இங்குள்ளது இலங்கையில் மட்டுமே வாழும் செங்குரங்கு. உங்கள் ஊர்க் கோயில்களில் திரியும் குரங்குக்குச் சொந்தம்தான், ஆனால் நிறம் சிவப்பு, தலைமயிர் நடுவிலிருந்து சுழித்துப் படிந்திருக்கும். கையில் சாப்பாட்டுப் பொதியோ பிளாஸ்டிக் பையோ கண்டால் பறிக்க வரும். தின்பண்டம் எதையும் வெளியில் எடுக்காதீர்கள், ஒன்றும் கொடுக்காதீர்கள். பாதையை விட்டுப் புதருக்குள் போகவும் வேண்டாம். சருகின் நிறத்திலேயே சுருண்டு கிடக்கும் சின்ன விரியன் வகை ஒன்று இந்தப் பக்கக் காடுகளில் உண்டு. பாதையிலேயே நடப்பவர்களுக்கு அதனால் தொந்தரவு வராது.

உள்ளே போனதும் வாசலுக்குக் கிட்டவே ஒரு பெரிய கொடியைக் காட்டுவார்கள். சிங்களத்தில் புஸ்வெல. கொடி என்று சொன்னால் நம்பமாட்டீர்கள், அத்தனை தடிப்பு. முறுக்கிக்கொண்டு மரத்துக்கு மரம் ஏறி, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கண்டுபிடிக்க முடியாதபடி படர்ந்திருக்கிறது. இருநூறு ஆண்டுக்கு மேல் வயது என்று சொல்கிறார்கள். அவரை இனத்தைச் சேர்ந்தது, ஆனால் காய் ஒரு மீட்டருக்கும் நீளம் போகும். உள்ளே வட்டமான, வழுவழுப்பான பழுப்பு விதை. பிள்ளைகள் அதில் ஏறி ஆடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அதன் பட்டை அங்கங்கே தேய்ந்துவிட்டது.

இன்னும் சற்று நடந்தால் காட்டின் நடுவே ஒரு குளம். அரச குடும்பத்தினர் குளித்த குளம் என்பது மரபு. அதன் அடியில் பொற்காசுப் புதையல் இருக்கிறது, சிவந்த கண்ணுள்ள ஒரு நாகம் அதைக் காக்கிறது என்று ஒரு கதையும் உண்டு. உங்கள் மகளுக்குச் சொல்ல ஏற்றது. அம்மாவுக்கு நடை போதும் என்று தோன்றினால் இந்தக் குளத்தடியில் இருக்கவிட்டு, மற்றவர்கள் சுற்றுப்பாதையில் போய் வரலாம். குளத்தோரம் அசையாமல் இருப்பவர்களுக்குத்தான் பறவைகள் அதிகம் கிடைக்கும் என்பதால் அம்மாவுக்கு நட்டமில்லை.

பறவைகள் என்றால், சுமார் 80 வகை இங்கே பதிவாகியிருக்கின்றன. ஒரு நகரத்தின் நடுவே இவ்வளவு சின்ன இடத்துக்கு இது பெரிய எண்ணிக்கை. இலங்கைக்கு வெளியே எங்கும் காணமுடியாத மஞ்சள்நெற்றிக் குக்குறுவான் விடாமல் கூவிக்கொண்டிருக்கும், காது பழகிவிட்டால் அந்தக் குரலை எங்கும் கேட்பீர்கள். லயார்ட் கிளி, தலைகீழாகத் தொங்கித் தூங்கும் சின்னக் கிளி, மலை மைனா, மரகதப்புறா, சாம்பல் இருவாய்ச்சி எல்லாம் வரும். குளிர்காலத்தில் வந்தால் ஆறுமணிக் குருவியைத் தேடுங்கள். வட இந்தியக் காடுகளில் குஞ்சு பொரித்துவிட்டு உங்கள் ஊர் வழியாகத்தான் அது இங்கே வந்து சேர்கிறது. பாதையோரச் சருகைக் கிளறிக்கொண்டு தனியாகத் துள்ளும், ஒன்பது நிறம் அதன் உடம்பில். விலங்குகளில் காட்டுப்பன்றி, கேளையாடு, சருகுமான், முள்ளம்பன்றி, மரநாய், தேவாங்கு எல்லாம் உண்டு, ஆனால் பெரும்பாலானவை இரவில் நடமாடுபவை. பகலில் பன்றி கிளறிய மண்ணையும் முள்ளம்பன்றி உதிர்த்த முள்ளையும் பார்ப்பீர்கள். கேளையாடு நாய்போலக் குரைக்கும். காட்டுக்குள் நாய் எங்கிருந்து வந்தது என்று குழம்ப வேண்டாம். உண்மையான நாய்களும் சில நேரம் வருகின்றன, அது வேறு கவலை. சுற்றிலும் வீடும் ரோடும் சூழ்ந்துவிட்டதால் இந்தப் பிராணிகளுக்கு வேறு காட்டுக்குப் போக வழி கிடையாது. பறவையும் வெளவாலும் போய் வரலாம், சருகுமான் எங்கே போகும்?

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவதற்கு வருகிறேன். அங்கே நீங்கள் பார்க்கப்போகும் பச்சை எல்லாம் அந்தக் காட்டுக்குச் சொந்தமானது இல்லை. முதல் பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலத் தெரியும், ஆனால் கவனித்தால் இரண்டு காடுகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்பது புரியும். ஒன்று பழையது. நாகமரம், கித்துள், இலங்கையில் மட்டுமே உள்ள காட்டு ஈரப்பலா, கெக்குன, இவை எல்லாம் அதன் ஆட்கள். இன்னொன்று மனிதன் கொண்டுவந்து நட்டது, இப்போது தானாகவே பரவுகிறது. தென்னமெரிக்க மஹோகனி, பனாமா ரப்பர், எல்லாவற்றுக்கும் மேலாகக் கட்டகுமஞ்சல் என்று இங்கே சொல்கிற பெரு பால்சம் மரம்.

கட்டகுமஞ்சலைக் கண்டுபிடிப்பது சுலபம். பாதையில் இறகு போன்ற தட்டையான ஒற்றை விதைக் காய்கள் கிடக்கும். ஒன்றை எடுத்து நசுக்கி முகர்ந்து பாருங்கள், வனிலா கலந்த மருந்து வாசம் வரும். நல்ல வாசம்தான். மருந்துக்கும் அழகுக்குமாக மத்திய அமெரிக்காவிலிருந்து வந்த மரம் இது. இறகுக் காய் காற்றில் மிதந்து போய் விழும் இடமெல்லாம் முளைக்கிறது. அந்த மரம் நிற்கிற இடத்தில் குனிந்து தரையைப் பாருங்கள். முழங்கால் உயரத்துக்கு ஒரே மாதிரிக் கன்றுகள், நெருக்கமாக, வேறு ஒரு செடிக்கும் இடமில்லாமல் நிற்கும். நாகமரத்தின் கன்றோ காட்டு ஈரப்பலாவின் கன்றோ அதற்குள் தலைகாட்ட முடியாது. பழைய மரம் ஒன்று விழுந்தால் அந்த இடத்தைப் பிடிக்க அதன் பிள்ளை அங்கே இல்லை. காட்டின் கிழக்குப் பகுதியில் பெரிய பரப்பு இப்படி ஆகிவிட்டது. வெட்டுச்சத்தம் எதுவும் கேட்காது, மேலிருந்து பார்த்தால் பச்சை குறையவும் இல்லை, ஆனாலும் காடு ஆள்மாறிக்கொண்டிருக்கிறது. எனக்கு இதைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது.

இன்னொன்று, உங்கள் வீட்டு ஜன்னலில் போத்தலுக்குள் வளர்கிற அதே மணி பிளாண்ட். இங்கே யாரோ வீசியது தரையெங்கும் பாய் விரித்து, மரத்தில் ஏறி, ஓரிலை சேம்பிலை அளவுக்கு விரிந்து கிழிந்து தொங்குகிறது. பார்க்க அழகு, வெளிநாட்டுப் பயணிகள் அதைத்தான் மழைக்காடு என்று படம் எடுக்கிறார்கள். அதன் மேல் விழுகிற விதை எதுவும் மண்ணைத் தொடுவதில்லை. தன்னார்வலர்கள் இவற்றைப் பிடுங்கப் பாடுபடுகிறார்கள். பிடுங்கிய துண்டு ஒன்று கிடந்தாலும் மறுபடி வேர் விடும் செடி அது, ஆகவே மெனக்கெட்டு முழுசாக அப்புறப்படுத்த வேண்டியிருக்கிறது. நீங்கள் வாசனைக் காயைக் கையில் எடுத்துப் பாருங்கள், ஆனால் அங்கேயே போட்டுவிட்டு வாருங்கள். ஊருக்குக் கொண்டுபோய் நட்டுப் பார்க்க ஆசைப்படாதீர்கள்.

நடக்கும்போது சில கிளைப்பாதைகளில் அமைதி காக்கச் சொல்லும் பலகைகள் இருக்கும். அவை பௌத்தத் துறவிகளின் இருப்பிடங்கள். மூன்று வன மடங்களும், சில தியானக் குகைகளும் இந்தக் காட்டில் உள்ளன. ஜெர்மனியில் 1901-இல் பிறந்த ஞானபோனிக தேரர் 1952 முதல் 1994-இல் மறையும் வரை இங்குள்ள வன மடத்தில்தான் வாழ்ந்தார். உலகப்போர்க் காலத்தில் ஜெர்மானியர் என்பதற்காக ஆங்கில அரசு அவரை டேராடூன் முகாமில் அடைத்து வைத்திருந்தது. போர் முடிந்தபின் இலங்கைக்குத் திரும்பி, நண்பர்களோடு சேர்ந்து 1958-இல் பௌத்த வெளியீட்டுச் சங்கத்தைத் தொடங்கினார். அதன் கட்டடம் கீழே வாவிக்கரையில் சங்கராஜ மாவத்தையில் இருக்கிறது. மேலே காட்டில் எழுதித் திருத்தியது கீழே வாவிக்கரையில் அச்சுக்குப் போய் உலகெங்கும் பரவியது. அந்த மடத்துப் பக்கம் போகும் பாதைகளில் இறங்காதீர்கள், அங்கே இப்போதும் தியானத்தில் இருக்கிறவர்கள் உண்டு. கண்டி நகரத்தின் பழைய பெயரான செங்கடகலவுக்குக் காரணமான செங்கண்டன் என்ற பிராமணர் தவமிருந்ததாகச் சொல்லும் குகையும் இதே குன்றில்தான்.

குன்றையும் வாவியையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்த இடம் முழுசாகப் புரியும். கண்டி அரசர்கள் காலத்தில் இது அரண்மனைக்கு மேலுள்ள தடைசெய்யப்பட்ட காடு, பொதுமக்கள் உள்ளே போகக்கூடாது. அரண்மனையின் பின்புறம் காவலாக ஒரு காட்டுக் குன்று, முன்புறம் சதுப்பும் வயலும். அந்த வயலை நீராக்கியவர் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். 1807-இல் வயலின் குறுக்கே அணை கட்டி வாவியை உண்டாக்கினார். தெவேந்திர மூலாச்சாரி என்ற சிற்பியின் கைவண்ணத்தில் எண்கோண மண்டபமும், கரையோரமாக மேகம்போல் வளைந்து வளைந்து போகும் மதிலும் எழும்பின. அந்த மதில் முற்றுப்பெறாமலே நின்றுபோனது. ஊரார் உழைப்பைக் கட்டாயமாக வாங்கி இந்த வேலை நடந்ததால் குடிகளிடமும் பிரதானிகளிடமும் அரசர் மேல் கோபம் வளர்ந்தது. 1815-இல் பிரித்தானியர் உள்ளே வந்தபோது அவருக்காக நிற்க ஆளில்லாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

உங்களுக்கு இதில் ஒரு சொந்தத் தொடர்பு இருக்கிறது. ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் இயற்பெயர் கண்ணசாமி. மதுரை நாயக்கர் வழியில் வந்த குடும்பம்; 1739-இலிருந்து கண்டியை ஆண்ட நான்கு நாயக்க அரசர்களில் கடைசி ஆள். ஆட்சி போனபின் அவரைக் குடும்பத்தோடு கப்பலேற்றி வேலூர்க் கோட்டையில் வைத்தார்கள். 1832 ஜனவரி 30-ஆம் தேதி அங்கேயே இறந்தார். வேலூரில் பாலாற்றங்கரையில் அவர் சமாதி இருக்கிறது. கண்டிக்கு வருகிற தமிழ்நாட்டுக்காரர்கள் வாவியைச் சுற்றி நடக்கிறார்கள், வேலூர் கோட்டைக்குப் போகிறவர்கள் கோட்டையைப் பார்க்கிறார்கள். இரண்டையும் இணைத்துப் பார்ப்பவர்கள் குறைவு. ஊர் திரும்பியபின் வேலூர்ப் பக்கம் போக நேர்ந்தால் அந்தச் சமாதிக்கும் போய் வாருங்கள்.

அரசர் போனபின் தடையும் போனது. ஆளுநர் வில்மட்-ஹார்டன் 1834-இல் குன்றைச் சுற்றி ஒரு பாதை போட்டுத் தன் மனைவி பெயரை வைத்தார். நீங்கள் நடக்கப்போகிற பிரதான சுற்றுப்பாதை அதுதான், 'லேடி ஹார்டன்ஸ் டிரைவ்'. பின்னால் வந்த துரைமார் மனைவியர் பெயரிலும் காட்டுக்குள் பாதைகள் உண்டு. 1856-இல் இதை ஒதுக்குக் காடாக அறிவித்தார்கள், 1938-இல் சரணாலயமாக்கினார்கள். அந்த இரண்டு அறிவிப்பும் இல்லையென்றால் கண்டி நகரம் எப்போதோ இந்தக் குன்றின் மேல் ஏறியிருக்கும்.

இறங்கியபின் நேரமிருந்தால், தலதா மாளிகைக்குப் பின்பக்கம் அருங்காட்சியகத்தைத் தாண்டி ஒரு சின்ன ஏற்றத்தில் உள்ள பழைய ஆங்கிலேயர் கல்லறைத் தோட்டத்தையும் பாருங்கள். காட்டின் ஓரத்தில்தான் இருக்கிறது. கண்டியைப் பிரித்தானியரிடம் ஒப்படைத்த 1815 ஒப்பந்தத்துக்குப் பின்னால் மூளையாக இருந்த ஆங்கிலேய அதிகாரி ஜான் டொய்லி அங்கேதான் கிடக்கிறார். 1856-இல் காட்டு யானை மிதித்து இறந்த ஓர் ஆங்கிலேயரின் கல்லறையும் உண்டு. காடு ஒதுக்குக் காடான அதே ஆண்டு. இன்று கண்டியைச் சுற்றிக் காட்டு யானை என்ற பேச்சே இல்லை. மற்ற கல்லறைகளில் வயதைப் படித்துக்கொண்டே போனால் காய்ச்சலில் போன இளைஞர்களும் கைக்குழந்தைகளும்தான் அதிகம். அம்மாவும் குழந்தையும் கூட இருப்பதால் இதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

அந்த ஒரு நாளை இப்படி அமைத்துக்கொள்ளுங்கள். காலை திறந்தவுடன் ஆட்டோவில் காட்டு வாசல், இரண்டு இரண்டரை மணி நேர நடை, அறைக்குத் திரும்பிக் குளியல், சாப்பாடு, ஒரு தூக்கம். நான்கு மணிக்கு மேல் வாவியைச் சுற்றி நடக்கலாம்; சுற்றளவு மூன்று கிலோமீட்டருக்குச் சற்று மேல், முழுக்கச் சமதரை, நீர்க்காகங்களும் கபரக்கொய்யா என்கிற நீர் உடும்பும் கட்டாயம் கண்ணில் படும். அம்மாவுக்குக் களைப்பாக இருந்தால் சுற்றை விட்டுவிட்டு ஆட்டோவில் நேராக ஆர்தர்ஸ் சீட் போய்விடுங்கள். பிறகு தலதா மாளிகையில் மாலை 6.30 பூசைக்குச் சரியாக இருக்கும். அங்கே தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும், பெரும்பாலும் வெள்ளை உடுத்துவார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுப் போகவேண்டிய இடம் என்பதால் காலையில் அட்டை கடித்த இடத்தில் புது பிளாஸ்டர் ஒன்றை ஒட்டிக்கொண்டு கிளம்புங்கள்.